அதிகனமழையும் அதன் எச்சரிக்கையும்

ஐரோப்பா முதலிய வடதேசங்களில் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சந்திக்கும் எல்லை, படைவரிசைபோல் நகர்ந்து வரும். முதல் உலக யுத்தத்தை அடுத்து நார்வே நாட்டு வானிலை சாஸ்திரிகள் அதற்குப் போர்முனை என்றே பெயரிட்டனர். அஃது எவ்வூரை எப்பொழுது அடையுமென்று படத்தில் கோடிட்டுக் காட்டலாம். உஷ்ண மண்டலத்திலோ அவ்வெல்லை பெரும்பாலும் கரைந்துபோகின்றது. வாயு அழுத்தத்தின் வேற்றுமையும் சொற்பமே. புயலென்று பெயர்பெறாத ஒரு சுழற்சியே ஊரை மூழ்கடித்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நேர்ந்தது அதுவே. குமரிக்கடற் பக்கத்தில் மேலடுக்கில் ஒரு காற்றுச்சுழற்சி, அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை! அவ்வூர் ஓராண்டில் பெறும் சராசரியினும் அஃது அதிகம். திருச்செந்தூரினின்று புறப்பட்ட ரயில் ஏறக்குறைய 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது.

எச்சரிக்கை உரிய காலத்தில் வந்ததா என்று பின்னர் எழுந்த வாதத்தில் நாம் புகோம். நமது ஆட்சேபம் வேறு. அதிகனமழை என்னும் கடைசி வகுப்பு 20 சென்டிமீட்டரைக் கடந்தவுடன் தொடங்கி, அதற்குமேல் வரம்பின்றி நிற்கின்றது. 21-க்கும் 95-க்கும் ஒரே சிவப்பு நிறம். முன்னதைத் தாங்கும் குளம் பின்னதில் உடையும். 95 என்று முன்னாளே துணிந்து கூறுதல் இன்றைய கணிதத்திற்கும் அரிது. அதனை நாம் கேட்கவில்லை. 40-ஐத் தாண்டுதற்கு நூற்றுக்கு எத்தனை பங்கு இடமுண்டு, 60-ஐத் தாண்டுதற்கு எத்தனை என்றாவது சொல்லலாமன்றோ? அதனைத் தாமிரபரணிப் பாசனக் குளங்களின் கொள்ளளவோடு பொருத்தியும் சொல்லவேண்டும். மடை காப்போர்க்கு நிறத்தினும் அவ்வெண்ணே பயன்படும். நீரை முன்கூட்டி வடிய விட அவர்களுக்கு ஓரிரவேனும் வேண்டும்.