ஷரஃபியா மடல்: ஐம்பதிலும் வளையும் விரல்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழியை நம்மவர் பிள்ளைகளை மிரட்டுவதற்கு மட்டுமன்றித் தம்மைத் தாமே தடுத்துக்கொள்வதற்கும் எடுத்தாளுகின்றனர். புதிய மொழி படிக்கலாமே என்றால் ‘இனி என்னத்துக்கு’ என்பர். கிற்றார் பழக ஆசையிருந்ததே என்று நினைவூட்டினால், ‘அந்த வயது போய்விட்டது’ என்று சிரித்து ஒதுக்குவர். அந்தப் பழமொழி எவ்வளவு தூரம் உண்மை என்பதை இவ்வார மடலில் ஆராய்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நம்மவரிற் பலர் பிந்தியது சோம்பலினால் அன்று. 1983 ஜூலையில் இருபது வயதாயிருந்தவர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளை, 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த மாணவன் ஆகிய எவருக்கும் கற்கும் பருவம் கற்பதற்கென வாய்க்கவில்லை. மின்சாரமும் மின்கலமும் இல்லாத அந்நாட்களில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறை அது. கேட்பதற்கே அவ்வளவு பாடுபட்டவர்கள் வாசிக்கக் கற்பது எங்ஙனம்? ஆகவே, நாற்பதிலும் ஐம்பதிலும் ஒருவர் இசைக் கருவியைத் தொடுவதை ஆடம்பரம் என்று கொள்ளலாகாது. பறிபோன பருவத்தின் ஒரு சிறு பகுதியை அவர் மீட்டெடுக்கின்றார்.

ஜித்தா நகரின் ஷரஃபியாப் பகுதியில் வெள்ளிக்கிழமை மாலையில் நடந்தால் தமிழும் மலையாளமும் உருதுவும் வங்காளமும் ஒருங்கே காதில் விழும். இங்கே அகதி என்ற பெயரில் எவருமில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சவூதி அரேபியா இணையவில்லை. போரினால் ஊரை இழந்து வந்தவரும் இக்காமா அட்டையிற் தொழிலாளியே. ஐரோப்பாவிலும் கனடாவிலும் தஞ்சம் பெற்ற உறவினருக்கு ஒரு வகுப்பறையேனும் கிடைத்தது. இங்கு நால்வரோ அறுவரோ பகிரும் அறையில் ஓர் இரும்புக் கட்டிலின் அளவே சொந்த உலகம். நெடுங்காலம் பொது இசை நிகழ்ச்சிகளுக்கும் இங்கே இடமிருக்கவில்லை. 2017 ஜனவரியில் முஹம்மது அப்து ஜித்தாவில் மேடையேறிப் பாடியது பெருஞ் செய்தியானது. 2020இல் இசைக்கென ஓர் ஆணையமே அமைக்கப்பட்டது. கதவு திறந்திருக்கின்றது. ஆயினும் ‘எனக்கு வயது போய்விட்டது’ என்னும் உட்கதவை நாமே திறக்கவேண்டியுள்ளது.

அந்தக் கதவைப் பற்றி அறிவியல் என்ன கூறுகின்றது? அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பார்வையை ஒரு பக்கமாக விலக்கிக் காட்டும் கண்ணாடிகளை ஆந்தைகளுக்கு அணிவித்தனர். குஞ்சுகள் விரைவிலேயே காதையும் கண்ணையும் மீண்டும் இசைவித்துக்கொண்டன. முதிர்ந்த ஆந்தைகளோ பெரிய விலகலை ஒரேயடியாகக் கொடுத்தபோது பெரும்பாலும் தோற்றன. ‘ஐம்பதில் வளையாது’ என்று அத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் 2002இல் வெளியான ஆய்வில், அதே விலகலைச் சிறு சிறு படிகளாகக் கூட்டிக்கொண்டு போனபோது முதிர்ந்த ஆந்தைகளும் கணிசமாகப் பழகிக்கொண்டன என்பது தெரியவந்தது. முதுமைக்கு வேண்டியது சிறிய படிக்கட்டு.

இந்த ஆய்வைப் படித்து ஊக்கம் பெற்றவர் நியூயோர்க்கின் உளவியலறிஞர் கரி மார்க்கஸ். தாளம் பிடிபடாதவர் என்று பெயரெடுத்த அவர், நாற்பது வயதை நெருங்கும் வேளையில் கிற்றார் பழகத் தொடங்கினார். சிறுவர்களுக்கான கோடை இசை முகாமிற் சேர்ந்து அவர்களோடு ஒருவராக வாசித்தார். அந்த அனுபவத்தை 2012இல் நூலாகவும் எழுதினார். அவருக்குப் பல்கலைக்கழக விடுப்பு இருந்தது, நம்மவருக்கு அது இல்லை என்பது நியாயமான மறுப்பு. எனினும் சிறுவரருகில் அமர்வதற்கு அவர் வெட்கப்படாமையை நாம் காசின்றிக் கடன் பெறலாம்.

தமிழுலகிலும் சான்று உண்டு. பண்ணைப்புரத்திலிருந்து 1960களின் இறுதியிற் சென்னை வந்த இளையராஜா, இருபத்தைந்து வயதளவில்தான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையை முறைப்படி கற்கலானார். செவ்வியற் கிற்றார் பழகுவோர் சிறு பிராயத்திலேயே தொடங்கும் வழக்கத்தை நோக்க, அது பிந்திய வயதே. இலண்டன் ட்ரினிற்றி இசைக் கல்லூரியின் கிற்றார்த் தேர்வில் அவர் தங்கப் பதக்கம் பெற்றார். அவரது மேதைமை நமக்கில்லை என்பது உண்மை. ஆயின் அவர் மாணவனாய் அமர்ந்த பணிவு எவருக்கும் எட்டக்கூடியது.

வேலைத்தளத்தில் கை நொந்தவர்களுக்கு இன்னொருவரின் கதை. நாடோடிகளாய் விரட்டப்பட்ட ரோமா இனத்தில் தோன்றிய ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928இல் வண்டிவீட்டில் பற்றிய தீயில் இடக்கையின் இரு விரல்களை ஏறத்தாழ இழந்தார். எஞ்சிய இரு விரல்களை நம்பி வாசிப்பை முதலிலிருந்து கற்றார். ஐரோப்பிய ஜாஸ் இசையில் அவரை மிஞ்சிய கிற்றார்க் கலைஞர் இல்லை என்பாரும் உளர்.

கிற்றார் நமக்கு அந்நியக் கருவியும் அன்று. 1960களின் பிற்பகுதியிலிருந்து நித்தி கனகரத்தினம், 2018இல் மறைந்த ஏ.ஈ. மனோகரன் முதலியோர் ஈழத்துப் பொப்பிசையை வளர்த்தபோது அவர்கள் கையிலிருந்தது இதுவே. அப்பாடல்கள் பல, மூன்று நான்கு சுரக்கூட்டுகளுக்குள் அடங்குபவை. தொடங்குவோருக்கு இதைவிட உகந்த பாடம் கிடையாது. இந்த மண்ணுக்கும் கிற்றார் உறவுடையதே. ஐரோப்பாவின் லூட் என்னும் கருவி, பெயரையும் வடிவத்தையும் அரபியரின் ஊத் கருவியிலிருந்து பெற்றது. கிற்றாரும் அதே குடும்பத்தது. ஊத் கருவியில் மெட்டுக்கள் இல்லை, விரலும் காதுமே இடத்தைத் தேடவேண்டும். கிற்றாரிலோ வீணையைப் போல மெட்டுக்கள் உண்டு. பிந்தித் தொடங்குபவருக்கு அவை கைப்பிடி.

இனிச் செயன்முறை. உலோகத் தந்தி பூட்டிய கருவியிலும் நைலோன் தந்தி பூட்டியது விரலுக்கு இதம். முதற் சில வாரங்கள் விரல் நுனி எரியும், பின்னர் தோல் தடித்து நோவு அடங்கும். இந்த எரிவைக் கண்டே பலர் கைவிடுகின்றனர். எரிந்தால் நிறுத்துக, மறுநாள் மீண்டும் எடுக்க. முதலில் இரண்டு விரல்களாற் பிடிக்கக்கூடிய ‘ஈ மைனர்’, அடுத்து ‘ஏ மைனர்’. இவ்விரண்டுக்கும் இடையே தாளம் தவறாமல் மாறுவதே முதல் மாதப் பாடம். வெள்ளிக்கிழமை மூன்று மணிநேரம் இருந்து மற்ற நாட்களிற் தொடாமல் விடுவதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் பழகுவது பெரும் பயன் தரும். இடையில் வரும் உறக்கமும் ஓய்வும் கற்றதை நிலைநிறுத்துகின்றன. செங்கடலின் ஈரக் காற்றும் குளிர்சாதனத்தின் வறட்சியும் மரத்தை மாறி மாறி வருத்தும். ஆதலாற் கருவியை உறையிலிட்டு, குளிர்காற்று நேரே படாத இடத்தில் வைக்க. உடன் உறங்குவோர் இரவுப் பணி முடித்து வந்தவராயின், தந்தியைத் தட்டாமல் இடக்கையால் மட்டும் கோட் பிடித்துப் பழகலாம். சத்தமின்றியே பாதிப் பாடம் முடியும்.

குடும்பங்களுக்கும் ஒரு சொல். ரொறன்ரோவிலோ பாரிசிலோ பிள்ளையை இசை வகுப்பில் இறக்கிவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோரே, அந்த ஒரு மணிநேரம் உங்களுக்கும் உரியதுதான். வீடு திரும்பியதும் பிள்ளையிடம், ‘இன்று படித்ததை எனக்கும் காட்டு’ என்று கேளுங்கள். கற்பிக்கும் பிள்ளை தன் பாடத்தை இருமடங்கு தெளிவாய் உணரும். பிறமொழியில் வளரும் பிள்ளையிடம் பேச வார்த்தை குறையும் வீடுகளில், இருவரும் ஒரே பாட்டிற் தடுமாறுவது நல்லதோர் உரையாடல். தடுமாறும் தந்தையைக் காணும் பிள்ளை, கற்றலுக்குக் காலக்கெடு இல்லை என்பதையும் கண்டுகொள்ளும். தொலைவில் உழைக்கும் தந்தைமாரும் தொலைபேசியிற் காசுக் கணக்குப் பேசி முடித்தபின், கற்ற இரண்டு கோட்டுகளை வாசித்துக் காட்டலாம்.

எல்லாரும் கலைஞராகப் போவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. வீடு போனது, காணி போனது, சான்றிதழ்கள் எரிந்தன. எல்லைகளிற் பெட்டிகள் சோதிக்கப்பட்டன. விரல் அறிந்த பாட்டை எந்தச் சாவடியிலும் எவரும் இறக்கி வைக்கும்படி கேட்டதில்லை. இனிமேற் கற்பதும் அவ்வாறே நம்மோடு வரும். அன்பர்களே, இன்றிரவு இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.