அப்பா சட்டைப்பையில் போன்... பிள்ளைக்கு எப்படிப் பாடம்?



மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவர் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிவிடுகிறார். வீட்டில் இருக்கிற ஒரே போனும் அவர் சட்டைப்பையில் போய்விடுகிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுப்பாடம் அந்தப் போனில், வாட்ஸ்அப் குரூப்பில் வந்து கிடக்கிறது. ராத்திரி அவர் திரும்பும்போது பிள்ளை தூங்கியாச்சு. மறுநாள் "ஏன் எழுதலை?" என்ற கேள்விக்குக் கைகட்டி நிற்பது யார்? அந்தக் குழந்தை!

கொரோனா காலத்திலேயே இதைப் பார்த்தோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அந்த ஆண்டு வந்த ஏசர் ஆய்வு என்ன சொன்னது? நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகளில் ஸ்மார்ட்போன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் 2018இல் 36.5 சதவீதம், 2021இல் 67.6 சதவீதம். ஆனால் போன் இருந்த வீடுகளிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு அது கைக்கே கிடைக்கவில்லை. கல்வராயன் மலையிலோ, போன் கையில் இருந்தாலும் டவர் கிடைக்காத ஊர்கள் உண்டு.

போனே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வீடியோ வரும். நல்ல வசதிதான். ஆனால் ஆறு வயசுப் பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போனால், அடுத்த நிமிஷம் ரீல்ஸ்தான் ஓடும். கூடவே உட்காரணும். வீடியோ முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்து, "இப்ப நீ எனக்குச் சொல்லு" என்று கேட்கணும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம்.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தெருவிலேயே ஒரு தன்னார்வலர் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளோடு உட்கார்ந்தார். பிள்ளைக்குத் தேவை பக்கத்தில் ஒரு ஆள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நமது கோரிக்கைகள்:

🔴 தொடக்கப்பள்ளி வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. நோட்டிலும் எழுதி அனுப்ப வேண்டும். போன் இல்லாத பிள்ளையை வகுப்பில் நிற்க வைக்கக்கூடாது.

🔴 கல்வராயன் மலையில் சிக்னல் எட்டாத ஊர்களுக்கு டவர் வேண்டும்.

🔴 மாலை நேர மையங்கள் எல்லாக் குக்கிராமங்களிலும் நடக்க வேண்டும். தன்னார்வலர்களுக்குத் தரப்பட்ட மாதம் 1,000 ரூபாய் போதாது. உயர்த்தித் தர வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்க முடியாது. கிளைத் தோழர்கள் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் தங்கள் போனோடு தெருப் பிள்ளைகள் நாலு பேர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பாடம் போதும்.

இந்தப் பதிவை ஷேர் செய்யுங்கள். செய்துவிட்டு, அதே போனோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!

#கல்வி_நம்_உரிமை #கள்ளக்குறிச்சி