வீட்டில் செய்த சி.என்.சி மெஷினுக்கு எந்த சாஃப்ட்வேர்? முதலில் போர்டைப் பாருங்கள்!

பூஜை அறைக் கதவில் குத்துவிளக்கும் தாமரையும் ஜாலி வேலைப்பாடாக வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வெட்டுவது சி.என்.சி ரூட்டர். கம்ப்யூட்டர் சொல்கிற வழியில் நகர்ந்து மரம், எம்.டி.எஃப், அக்ரிலிக் எல்லாவற்றையும் செதுக்கும். கடைகளில் இருப்பது கட்டில் சைஸுக்கு இருக்கும். அதன் குட்டி வடிவத்தை ஸ்டெப்பர் மோட்டார், இரும்புத் தண்டு, ஓர் ஆர்டுயினோ போர்டு ஆகியவற்றை வைத்து வீட்டிலேயே செய்கிற ஆர்வக்காரர்களும் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவர், ஐ.டி.ஐ முடித்த வாசகர், நமக்கு அனுப்பிய கேள்வி இது: "மெஷின் ரெடி. டிசைனுக்கும் கன்ட்ரோலுக்கும் எந்த சாஃப்ட்வேர் போடுவது? யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வீட்டு வாசலுக்கு நேம் போர்டு செய்து விற்கலாம் என்று இருக்கிறேன்."

அந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

'எந்த சாஃப்ட்வேர்' என்று ஒன்றாகக் கேட்டாலும் உள்ளே இருப்பது மூன்று வேலை. படம் வரைவது ஒன்று. அந்தப் படத்தை வெட்ட பிட் எந்த வழியாக, எத்தனை மி.மீ ஆழத்தில், என்ன வேகத்தில் போக வேண்டும் என்று கணக்குப் போடுவது இன்னொன்று. இதை 'கேம்' என்பார்கள். இதிலிருந்து கிடைப்பதுதான் ஜி-கோடு. பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் வெறும் எழுத்துக் கோப்புதான். 'ஜி1 எக்ஸ்50 எஃப்300' என்று இருந்தால், நிமிடத்துக்கு 300 மி.மீ வேகத்தில் எக்ஸ் அச்சில் 50 என்ற இடத்துக்குப் போ என்று அர்த்தம். இந்த வரிகளை ஒவ்வொன்றாக மெஷினுக்கு ஊட்டி மோட்டாரை ஓடவைப்பது மூன்றாவது வேலை.

பெரும்பாலானோர் வரைவதில் தொடங்குகிறார்கள். திரையில் அழகாகச் சுழலும் 3டி மாடலைப் பார்த்ததும் மனசு அங்கேயே போய்விடும். என்னைக் கேட்டால் பின்னாலிருந்து வாருங்கள் என்பேன். மெஷினில் மாட்டியிருக்கும் போர்டுதான் மற்றதையெல்லாம் தீர்மானிக்கிறது.

ஆர்டுயினோ உனோவும் அதன் மேல் ஒரு சி.என்.சி ஷீல்டும் என்றால், யோசிக்கவே வேண்டாம், ஜி.ஆர்.பி.எல். நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் தொடங்கிய இலவச, திறமூல மென்பொருள் இது. உனோவில் மொத்தமே 32 கிலோபைட் இடம்தான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் குட் மார்னிங் படம்கூட அதற்குள் அடங்காது! அவ்வளவு சின்ன இடத்தில் உட்கார்ந்துகொண்டு மூன்று அச்சுகளையும் ஒரே நேரத்தில் சீராக ஓட்டுகிறது. கம்ப்யூட்டரில் இருந்து அதற்கு வரிகளை அனுப்ப யுனிவர்சல் ஜி-கோடு செண்டர் அல்லது கேண்டில் போதும். இரண்டும் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

இ.எஸ்.பி32 போர்டு வாங்கியிருந்தால் ஃப்ளூயிட்-என்.சி போடலாம். வைஃபை மூலம் மொபைல் பிரவுசரிலேயே மெஷினை நகர்த்தலாம். மெமரி கார்டில் கோப்பை ஏற்றிவிட்டால் லேப்டாப் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

லினக்ஸ்-சி.என்.சி வேறு ரகம். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1990-களில் உருவாக்கிய மென்பொருளின் வாரிசு. பழைய லேத், மில்லிங் மெஷின்களுக்கு உயிர் கொடுக்க அருமையானது. ஆனால் அதற்கென்றே ஒரு டெஸ்க்டாப்பை ஒதுக்க வேண்டும். நேம் போர்டு மெஷினுக்கு அது தேவையில்லை.

அடுத்து மாக்3. பட்டறைகளில் பழகியவர்கள் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள். ஒரு காலத்தில் ராஜா, மறுக்கவில்லை. ஆனால் பழைய பிரின்டர் போர்ட் வழியாக நேரடியாக ஓட்ட 32-பிட் விண்டோஸ் வேண்டும். இலவசப் பதிப்பு 500 வரிகளுக்கு மேல் ஜி-கோடை ஓட்டாது. வளைவு நிறைந்த ஒரு பெயர்ப் பலகை சாதாரணமாக அதைத் தாண்டிவிடும். அங்கேதான் பென் டிரைவில் 'கிராக்' காப்பி வருகிறது. அதைத் தொடாதீர்கள். சட்டம் ஒரு பக்கம். வேகமாகச் சுழலும் பிட்டை, யாரோ உடைத்து ஒட்டிய சாஃப்ட்வேரின் கையில் கொடுக்கலாமா என்பதை யோசியுங்கள்.

இப்போது வாசகரின் கடைசி வரிக்கு வருவோம். விற்க வேண்டும் என்கிறார்.

யூடியூபில் பாதிப் பேர் காட்டுவது ஆட்டோடெஸ்க்கின் ஃப்யூஷன். வரைவது, டூல்பாத் போடுவது இரண்டும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். உண்மையிலேயே அற்புதமான சாஃப்ட்வேர். ஆனால் அதன் இலவச உரிமம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். வணிகத்துக்குக் கிடையாது. ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் 10-தான். 2020 அக்டோபரில் வந்த கட்டுப்பாட்டுக்குப் பிறகு, வெட்டாமல் வெறுமனே நகரும்போதும் மெஷின் வெட்டும் வேகத்திலேயே ஊர்ந்து போகும். ஒரு பலகைக்கு இது பரவாயில்லை. ஒரு நாளில் ஐந்தாறு ஆர்டர் முடிக்க வேண்டுமென்றால் பொறுமை போய்விடும். ஆறு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, தொழில் சூடு பிடிக்கும் நேரத்தில் 'காசு கட்டு' என்று வந்து நின்றால், கட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிக்க வேண்டியதுதான். கற்றுக்கொள்ளச் செலவழிக்கும் நேரமும் முதலீடுதான் இல்லையா?

அதனால் விற்கும் எண்ணம் இருந்தால் இன்க்ஸ்கேப்பிலும் ஃப்ரீகேடிலும் தொடங்குங்கள். இரண்டும் திறமூலம், செய்த பொருளை விற்கத் தடையில்லை. ஃப்ரீகேட் 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பையே எட்டியது. முதல் வாரம் தலையைச் சுற்றவைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 3டி பாகம் தேவைப்படும் வரை அதைத் திறக்கவே வேண்டாம். பெயர்ப் பலகைக்கு இன்க்ஸ்கேப்பும், அதோடு சேர்ந்தே வரும் ஜி-கோடு டூல்ஸ் என்ற நீட்சியும் போதும்.

இன்க்ஸ்கேப்பைச் சொல்ல இன்னொரு காரணம் தமிழ். சில சின்ன எழுத்துப் பொறிப்பு சாஃப்ட்வேர்களில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி அவற்றில் கிடையாது. இன்க்ஸ்கேப்பில் யூனிகோடில் சரியாக அடித்து, உடனே 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தைக் கோடாக மாற்றிவிடுங்கள். பிறகு எந்த சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோனாலும் கொம்பு நகராது.

அடுத்து சுழி. பிட்டின் விட்டம் 3.175 மி.மீ என்றால், அதைவிடக் குறுகலான இடைவெளிக்குள் அது நுழையாது. 'ண'வின் சுழிகளுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்த பிறகு எழுத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள். பலகையை ஊடுருவி வெட்டுவதாக இருந்தால், சுழிக்கு நடுவில் இருக்கும் துண்டு கீழே விழுந்துவிடும். அதைப் பிடித்துவைக்க மெல்லிய பாலம் ஒன்று விட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் 100 மி.மீ கேட்டால் 125 மி.மீ வெட்டுகிறதா? சாஃப்ட்வேரை மாற்ற ஓடாதீர்கள். ஜி.ஆர்.பி.எல்-லில் $100, $101, $102 என்று மூன்று வரிகள் இருக்கும். விலை அல்ல, செட்டிங் எண்கள். ஒரு மி.மீ நகர மோட்டாருக்கு எத்தனை துடிப்பு தேவை என்பதை அங்கே சொல்ல வேண்டும். வழக்கமான ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் 8 மைக்ரோ ஸ்டெப் வைத்தால் 1,600. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ நகரும் லீட் ஸ்க்ரூ என்றால், 1,600-ஐ 8-ஆல் வகுத்தால் 200. ஜி.ஆர்.பி.எல் கொடுத்துவைத்திருக்கும் எண் 250. அதை மாற்றாமல் விட்டால் 100 எப்படி 125 ஆனது என்று புரிகிறதா?

படம் லேசாகச் சுருங்கி 94 மி.மீ அளவில் வந்தால் அது வேறு வியாதி. பழைய இன்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று கணக்கு வைத்திருந்தது. 0.92 பதிப்பில் இருந்து 96. பழைய கோப்பைப் புதியதில் திறந்தால் வரும் கோளாறு அது. இவற்றையெல்லாம் மரத்தில் சோதிக்காதீர்கள். பிட்டுக்குப் பதில் ஒரு பால்பாயின்ட் பேனாவைக் கட்டி, காகிதத்தில் 100 மி.மீ சதுரம் ஒன்றை வரையவிடுங்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் ஐந்து ரூபாய்ப் பேனாவிலேயே வேலை முடிந்துவிடும்.

லேப்டாப்பில் இருந்து ஓட்டும்போது ஸ்லீப் மோடை அணைத்துவிடுங்கள். நடுவில் அது தூங்கிப்போனால் மெஷின் நின்றுவிடும், ஆனால் பிட் மட்டும் அதே இடத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். சுழலச் சுழல மரம் கருகும். யு.எஸ்.பி தொடர்பு அறுந்தாலும் இதே கதைதான். அப்போது திரையில் இருக்கும் 'ஸ்டாப்' பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் மெஷினுக்குக் கேட்காது. ஸ்பிண்டிலுக்கும் டிரைவர்களுக்கும் போகும் கரன்ட்டையே துண்டிக்கிற சிவப்பு எமர்ஜென்சி ஸ்விட்ச் ஒன்றை, கை எட்டும் இடத்தில், பிட் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மாட்டுங்கள். எந்த சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் பலகையை வைப்பதற்கு முன்னால் இதை வாங்கிவிடுங்கள்.