இறங்கி வந்தார்களாம்!

ஊஃபே சேவரி, மோர்ட்டன் ஃப்ரீஸ் - டென்மார்க் நாட்டுத் தாளக் கலைஞர் இருவர். கோபன்ஹேகன் நகரின் அரச இசைக் கல்லூரியிலே பயின்றவர்கள். பாக் எனும் மேதையின் இசையை மரக்கட்டை மரிம்பாவிலே வாசித்து மன்றங்களில் மதிப்புப் பெற்றவர்கள். ‘சாஃப்ரி டூவோ’ என்னும் அந்த இணை, 2000-இல் ‘பிளேய்ட் எ லைவ்’ இசைத்தட்டிலே தன் முழவொலியை மின்னணு நடன இசையோடு கலந்தது. ஆடற்கூடங்கள் அதிர்ந்தன!

“செவ்விசை மேடையை விட்டு இறங்கிவிட்டார்களே!” என்று அங்கலாய்ப்போரை நாம் கேட்கிறோம்: அந்த மேடை எதன்மீது கட்டப்பட்டது?

பாக்கின் படைப்புகளிலே உலவும் சரபாண்ட் எது? ஆபாசம் என்று 1583-இல் ஸ்பெயின் ஆட்சியாளர் தடைவிதித்த ஆட்டம்! ஷோப்பானின் மசூர்க்கா எது? போலந்துச் சிற்றூரார் கால்கொட்டி ஆடிய ஆட்டம்! நேற்றுத் தெருவிலே ஆடியது இன்று மன்றத்திலே புனிதமாம். இன்று ஆடற்கூடத்திலே ஒலிப்பது மட்டும் இழிவாம்! இது என்ன நீதி?

அந்த இசைக்கு ‘போங்கோ பாட்டு’ என்றும் பெயர். போங்கோவோ, கியூபாவின் கிழக்கே, ஆப்பிரிக்க வழிவந்த மக்களின் கைகளிலே வளர்ந்த முழவு. கணக்குக் கேட்பதானால் இங்கே கேட்கட்டும்: ஊரே ஆடியபோது, அந்தக் கைகளை நினைத்தோர் எத்தனை பேர்?

தோழர்களே! ஒலியிலே மேல் இல்லை, கீழ் இல்லை. உண்டு என்போர் ஒலியை அளப்பதில்லை. ஒலிப்பவன் பிறப்பையே அளக்கின்றனர். முழவு இறங்கவில்லை, பிறந்த வீட்டுக்குத் திரும்பிற்று. கதவைத் திறப்போம், கடனையும் ஒப்புக்கொள்வோம்!