கலப்படமா, காப்பியா?

பாலில் தண்ணீர் கலந்தால் கலப்படம். டிகாக்ஷன் கலந்தால் காப்பி. இந்த வித்தியாசம் தெரியாத சிலர் இப்போது புகைப்படக் கலையைக் காப்பாற்றப் புறப்பட்டிருக்கிறார்கள்!

நாலுக்கு ஐந்து அங்குல பிலிமில் படம் எடுத்து, அதை ஸ்கானரில் வைத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, மை தெளிக்கும் யந்திரத்தில் அச்சிடுவது மகா பாவமாம். இருட்டறையில் கழுவி எடுத்தால்தான் படமாம். இது ஒரு கட்சி. "டிஜிட்டல் இருக்கும்போது பிலிம் எதற்கு?" என்பது இன்னொரு கட்சி.

இரு கட்சியாரையும் தனுஷ்கோடிக்கு அழைக்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அந்த ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பிரயாணிகளோடு போயிற்று. மிஞ்சியவை சர்ச்சின் பவளக்கல் சுவரும் சில இடிபாடுகளுமே. அவற்றையும் உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பெரிய காமிராவால் அந்தச் சுவரை எடுத்துப் பாருங்கள். 35 மில்லிமீட்டர் பிலிமைப்போல் சுமார் 15 மடங்கு பரப்பு! லென்ஸைச் சற்று மேலே நகர்த்தினால், காமிரா அண்ணாந்து பார்க்காமலே சுவர் சாயாமல் நிற்கும். கல்லின் ஒவ்வொரு துவாரமும் பதியும். அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் ஸ்கான் செய்தால் 11 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். தங்கச்சிமடத்திலும் டொரான்டோவிலும் ஒரே நாளில் அச்சிட்டு மாட்டலாம். இதில் கலை எங்கே கெட்டுப்போயிற்று?

அமெரிக்கப் புகைப்பட மேதை ஆன்ஸல் ஆடம்ஸ் நெகடிவை ஸ்வரக் குறிப்புக்கும், அச்சுப் பிரதியைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். தம்புராவுக்குப் பதில் சுருதிப்பெட்டி வரலாம், தோஷமில்லை. கச்சேரி முடிந்ததென்று ஸ்வரப் புத்தகத்தை யாராவது அடுப்பில் போடுவார்களா?

போடச் சொல்கிறது இரண்டாவது கட்சி. ஸ்கான் ஆகிவிட்டதாம், நெகடிவை எறியலாமாம்! புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களையும் நெகடிவ்களையும் தேடி ஸ்கான் செய்தது. எப்படி முடிந்தது? யாரோ சில ஸ்டூடியோக்காரர்கள் அவற்றை எறியாமல் வைத்திருந்ததால்! நெகடிவை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணே பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் உள்ளதைத் திறக்க யந்திரத்தின் தயவு வேண்டும். நாளை இதைவிடக் கூர்மையான ஸ்கானர் வரும். அப்போது அதன்முன் எதை வைப்பது?

சேதுச் சீமை வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய நெகடிவ் இருந்தால் ஸ்கான் செய்யுங்கள். பிறகு காகித உறையிலிட்டு, ஈரமும் உஷ்ணமும் இல்லாத அலமாரியில் வையுங்கள். அதில் பழைய தனுஷ்கோடிப் பிளாட்பாரம் இருக்கக்கூடும். அந்த ஊரை ஒரு தடவை கடல் கொண்டுபோயிற்று. மறு தடவை நாமே குப்பையில் போட வேண்டாம்.