இளம் வயதிலேயே பிபி... காரணம் சிறுநீரகத் தமனியில் இருக்கலாம்! ஸ்டென்ட் எல்லோருக்கும் தேவையா?

25 வயதுக்காரருக்கு பிபி 170/110 என்று காட்டினால், முதலில் வரும் பதில் ‘வேலை டென்ஷன்’. அடுத்தது, ‘சரியா தூக்கம் இல்ல’. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால், இவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு பிபி என்றால், டாக்டர்கள் தேட வேண்டிய இன்னொரு காரணமும் உண்டு. சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்கிப்போவதுதான் அது. மருத்துவர்கள் இதை ‘ரீனல் ஆர்ட்டரி ஸ்டெனோசிஸ்’ என்கிறார்கள்.

‘அடைப்பு இருக்கா? ஸ்டென்ட் வெச்சா சரியாகிடும்’ என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், பெரிய ஆய்வுகளின் முடிவு அப்படிச் சொல்லவில்லை. யாருக்கு ஸ்டென்ட், யாருக்கு பலூன், யாருக்கு மாத்திரையே போதும்?

சிறுநீரகத்துக்கும் பிபிக்கும் என்ன தொடர்பு?

இதயம் பம்ப் செய்யும் ரத்தத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அதைக் கொண்டுபோகும் தமனி சுருங்கினால், அந்தச் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் குறையும். ‘உடம்பிலேயே பிபி குறைந்துவிட்டது’ என்று சிறுநீரகம் தப்புக்கணக்குப் போட்டு, ‘ரெனின்’ என்ற பொருளைச் சுரக்கும். அதன் தொடர்ச்சியாக ரத்தநாளங்கள் இறுகும். உடலில் உப்பும் நீரும் தங்கும். பிபி எகிறும்.

அபார்ட்மென்ட்டில் ஒரு வீட்டுக் குழாயில் மட்டும் அடைப்பு. அந்த வீட்டுக்காரரோ டேங்கில் தண்ணீர் இல்லை என்று நினைத்து மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருக்கிறார். டேங்க் நிரம்பி வழிகிறது. இங்கேயும் கதை அதேதான்.

1934-ல் அமெரிக்க மருத்துவர் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை கிளிப் போட்டு இறுக்கி, பிபி ஏறுவதைக் காட்டினார். சுருக்கத்தை நீக்கினால் பிபி இறங்கும் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது அங்கிருந்துதான்.

யாருக்கு, ஏன் வருகிறது?

மூன்று காரணங்கள் முக்கியம்.

• கொழுப்புப் படிவு: வயதானவர்களுக்கு வருவதில் பெரும்பகுதி இதுதான். புகைபிடித்தல், சர்க்கரை நோய், அதிக கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு ரிஸ்க் கூடுதல். இதயத்திலோ காலிலோ ரத்தநாள அடைப்பு இருப்பவர்களுக்கு இங்கேயும் இருக்க வாய்ப்பு அதிகம்.

• ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்ப்ளேசியா: தமனிச் சுவரின் வளர்ச்சியிலேயே கோளாறு. பெரும்பாலும் பெண்களுக்கு வருகிறது. ஆஞ்சியோகிராமில் தமனி மணிமாலை போலத் தெரியும்.

• டக்காயாசு ஆர்ட்டிரைட்டிஸ்: பெரிய ரத்தநாளங்களில் ஏற்படும் அழற்சி. 1908-ல் இதைப் பதிவு செய்த ஜப்பானிய கண் மருத்துவர் மிகிட்டோ டக்காயாசுவின் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. இந்தியாவில் இளம் வயதினருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சிறுநீரகத் தமனி சுருங்க இது ஒரு முக்கியக் காரணம். மேற்கத்திய நாடுகளின் பாடப்புத்தகக் கணக்கை மட்டும் வைத்து இங்கே பார்த்தால், இதைத் தவறவிட்டுவிட வாய்ப்பு உண்டு.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

இந்தச் சுருக்கத்துக்கென்று தனியாக வலி எதுவும் கிடையாது. கவனிக்க வேண்டியவை இவை:

• 30 வயதுக்கு முன்பே கடுமையான பிபி
• 55 வயதுக்கு மேல் திடீரென அதிக பிபி, அல்லது கட்டுக்குள் இருந்த பிபி திடீரென எகிறுவது
• மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் பிபி இறங்காமல் இருப்பது
• ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் மற்றதைவிட 1.5 செ.மீ.க்கு மேல் சிறியதாக இருப்பது
• இரண்டு கைகளிலும் பிபி பெரிய அளவில் மாறுபடுவது, ஒரு கையில் நாடித்துடிப்பு பலவீனமாக இருப்பது (இது டக்காயாசுவின் அடையாளம்)
• இதயத்தின் பம்ப்பிங் நன்றாக இருந்தும், திடீர் திடீரென நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறுவது

முதல் டெஸ்ட் பெரும்பாலும் டாப்ளர் ஸ்கேன். ஊசி, சாயம் எதுவும் தேவையில்லை. சந்தேகம் வலுத்தால் சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள்.

ஸ்டென்ட் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 806 பேரிடம் நடந்த ‘ஆஸ்ட்ரல்’ ஆய்வு 2009-ல் வெளியானது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் சிறுநீரகச் செயல்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. சிகிச்சையோடு தொடர்புடைய தீவிரச் சிக்கல்கள் மட்டும் 23 பேருக்கு வந்தன.

அடுத்து வந்தது 2014-ல் இதழில் வெளியான ‘கோரல்’ ஆய்வு. இதில் 931 பேரின் முடிவுகள் அலசப்பட்டன. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு, இதய, சிறுநீரகக் காரணங்களால் மரணம் போன்றவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள், ஸ்டென்ட் குழுவில் 35.1 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 35.8 சதவீதம். கிட்டத்தட்ட சமம்!

ஏன் இப்படி? பல வருடம் பிபியோடு இருந்தவரின் ரத்தநாளங்கள் ஏற்கெனவே விறைத்திருக்கும். சிறுநீரகத்தின் உள்ளேயும் சேதம் ஆகியிருக்கும். பெரிய குழாயைத் திறந்துவிட்டாலும் அந்தச் சேதம் சரியாகாது. சிலருக்கு அந்தச் சுருக்கம் பிபிக்குக் காரணமாகவே இருக்காது, கூடவே இருக்கும், அவ்வளவுதான்.

அப்போ ஸ்டென்ட் யாருக்கு?

இந்த ஆய்வுகளை வைத்து ‘ஸ்டென்ட்டே வேஸ்ட்’ என்று சொல்லிவிட முடியாது. அவற்றில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் நிலைமை ஓரளவு சீராக இருந்தவர்கள். நுரையீரலில் அடிக்கடி நீர் கோப்பவர்கள், இரண்டு பக்கமும் தமனி சுருங்கி சிறுநீரகச் செயல்பாடு வேகமாகச் சரிபவர்கள், எத்தனை மாத்திரைக்கும் பிபி அடங்காதவர்கள் ஆகியோருக்குப் பலன் கிடைக்கலாம் என்பதை அமெரிக்க இதய சங்கத்தின் 2022 அறிக்கையும் சுட்டிக்காட்டுகிறது.

இளம் வயதினரின் கணக்கு வேறு. ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்ப்ளேசியாவில் பெரும்பாலும் ஸ்டென்ட் இல்லாமல், பலூன் ஆஞ்சியோபிளாஸ்டி மட்டுமே செய்யப்படுகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சிலருக்கு பிபி மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். டக்காயாசுவில் முதலில் ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் அழற்சியை அடக்க வேண்டும். அது அடங்கும் முன் அவசரப்பட்டு பலூன், ஸ்டென்ட் வைத்தால் மீண்டும் சுருங்கும் ஆபத்து அதிகம்.

கொழுப்புப் படிவு காரணம் என்றால், பிபி மாத்திரை, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின், சிகரெட்டை விடுவது ஆகியவைதான் சிகிச்சையின் அடித்தளம். ஸ்டென்ட் வைத்தாலும் இவற்றை நிறுத்த முடியாது.

மாத்திரையில் என்ன கவனம்?

ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரைகள் இந்த ரெனின் சங்கிலியைத்தான் தடுக்கின்றன. அதனால் நல்ல பலன் உண்டு. ஆனால், இரண்டு தமனிகளும் சுருங்கியிருந்தாலோ, ஒரே சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு அதன் தமனி சுருங்கியிருந்தாலோ, கிரியாட்டினின் சட்டென்று ஏறலாம். அதனால்தான் மாத்திரை தொடங்கிய ஓரிரு வாரங்களில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் டாக்டர் மறுபடி யோசிப்பார். தானாக மாத்திரையை நிறுத்துவது தவறு. கர்ப்பமாகத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த வகை மாத்திரைகள் கருவைப் பாதிக்கும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி பரிசோதனையும் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. பெரும்பாலானவர்களின் பிபிக்கு இப்படித் தனியாக ஒரு காரணம் இருக்காது. அவர்களுக்கு மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவதுதான் முக்கியம். ஆனால், 20களிலேயே பிபி வந்தவர் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும் முன், ‘டாக்டர், எனக்கு ஏன் இந்த வயசுல வந்துச்சு?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். 60 வயதில் ஸ்கேனில் அடைப்பு தெரிந்து ‘ஸ்டென்ட் வைக்கலாம்’ என்று கேட்டவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘இதை வெச்சா எனக்கு என்ன மாறும்?’