முதல்ல கண்ணாடி, அப்புறம் திரை

போன எபிசோடில் எங்கள் பழைய செஸ்னா 172-க்குப் புது பேனல் போடுவது பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். அதுக்கு வந்த மெயில்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த ஸ்கிரீன் வாங்கினீங்க?" முன்கண்ணாடி பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. தப்பு என் பேரில்தான், எபிசோடில் அதை ரெண்டு வரியில் தாண்டிப் போயிட்டேன். அதை இங்கே சரி பண்ணிக்கிறேன்.

விமானம் வெச்சிருக்கேன்னா ஊரில் பெரிய பணக்காரன்னு நினைக்கிறாங்க. நாலு பேர் சேர்ந்து வாங்கின 1975 மாடல், அதில் என் பங்கு கால்வாசி. ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு சின்ன விமான நிலையத்தில் நிற்கிறது. ஹேங்கர் வாடகை கட்டுப்படியாகாமல் பல வருஷம் வெட்டவெளியிலேயே கிடந்த வண்டி. டெக்சாஸ் வெயிலில்.

பேனலில் ஆறு வட்ட மீட்டர்கள். மூன்று காற்றழுத்தத்தில் வேலை செய்பவை: வேகம், உயரம், ஏறும் இறங்கும் வீதம். திரும்புவதைக் காட்டும் மீட்டர் மின்சாரத்தில் ஓடும். மீதி ரெண்டு, அதாவது அடிவானம் காட்டுவதும் திசை காட்டுவதும், எஞ்சினோடு சுற்றும் ஒரு வாக்யூம் பம்பை நம்பி இருக்கும் கைரோக்கள். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு ரெண்டு பெரிய திரை வைக்கணும்னு பங்காளிகள் மூணு பேருக்கும் ஆசை. மறைப்பானேன், எனக்கும்தான். நாள் முழுக்க ஸ்கிரீன் பார்த்துச் சம்பாதிக்கிறவன், வானத்திலும் ஸ்கிரீன் கேட்கிறான். ஒர்க்‌ஷாப்பில் மதிப்பீடு வாங்கினோம். விமானத்தின் விலையில் பாதிக்கு மேல் வந்தது.

அந்த நேரத்தில்தான் திருச்சியிலிருந்து அப்பா வந்திருந்தார். ஒரு சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு, இறங்குவதற்காக மேற்கு நோக்கித் திரும்பினேன். சூரியன் நேர் எதிரே. எங்கள் முன்கண்ணாடி முழுக்க மயிரிழை மாதிரி நுண்ணிய வெடிப்புகள். சாதாரண நேரத்தில் தெரியாது. வெயில் நேராக விழுந்தால் ஒவ்வொரு வெடிப்பும் பற்றிக்கொண்ட மாதிரி மின்னும், எதிரே ஒரு வெள்ளைத் திரை தொங்கும். பழகிப்போன விஷயம் என்பதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஐபேடைப் பார்த்தேன். பக்கத்தில் எந்த விமானமும் காட்டவில்லை.

"தம்பி, அந்தா பாரு, மஞ்சக் கலர்ல ஒண்ணு!" என்றார் அப்பா, தன் பக்கத்து ஜன்னலைக் காட்டி. வயலுக்கு மருந்தடிக்கும் விமானம். கிட்டத்தட்ட எங்கள் உயரத்திலேயே, எதிர்த்திசையில், அதை ஓட்டியவரின் ஹெல்மெட் தெரியும் தூரத்தில் கடந்து போயிற்று. அப்பா சந்தோஷமாகக் கை காட்டினார். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. எதிரே இருந்து வந்த விமானம் முன்கண்ணாடி வழியாகத்தான் முதலில் தெரிந்திருக்கணும். எத்தனை விநாடி அது என் கண்முன்னால் இருந்ததோ, நான் பார்க்கவே இல்லை.

இதில் யோசிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, ஐபேட் பொய் சொல்லவில்லை. தன் இடத்தை ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி கருவி 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்றாலும், அது பெரிய விமான நிலையங்களைச் சுற்றியும் உயரத்திலும் உள்ள குறிப்பிட்ட வான்பகுதிகளுக்குத்தான். வயல் மேலே தாழ்வாகப் பறக்கும் வண்டிக்கு அது தேவையில்லை. ஒலிபரப்பாத விமானம் எவ்வளவு பெரிய திரை வாங்கினாலும் அதில் வராது. ரெண்டாவது, அப்பாவுக்குத் தெரிந்ததற்குக் காரணம் அவர் பக்கத்து ஜன்னல் புதுசு. அதை மாற்றியது நான். அமெரிக்க விதிப்படி, விமானத்தின் கட்டமைப்பையோ கன்ட்ரோல்களையோ தொடாத பட்சத்தில், பக்க ஜன்னலை பைலட் உரிமம் உள்ள உரிமையாளரே மாற்றலாம். முன்கண்ணாடிக்கு மெக்கானிக் கையெழுத்து வேணும். அதனாலேயே "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டிருந்தோம்.

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது அக்ரிலிக் பிளாஸ்டிக். வெயில், வயசு, கண்ட கண்ட கிளீனர் எல்லாம் சேர்ந்து வெடிப்பு விடும். லேசான கீறலைத் தேய்த்து எடுக்கலாம், ஆழமாகப் போன வெடிப்பை முடியாது. மாற்றுவதும் பெரிய ராக்கெட் வித்தை இல்லை. ஓரத்தில் பிடித்திருக்கும் ரிவெட்டுகளைத் துளைத்து எடுக்கணும், நாற்பது வருஷப் பழைய சீலன்ட்டைச் சுரண்டணும், புதுசை ஓரம் செதுக்கிப் பொருத்தணும். அக்ரிலிக் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். இறுக்கிப் பிடித்தால் மறுபடி ஓரத்திலிருந்தே வெடிப்பு ஆரம்பிக்கும். அதனால் விளிம்பில் ஃபெல்ட் பட்டை வைத்து இடைவெளி விடுவார்கள். எங்கள் மெக்கானிக் மேற்பார்வையில் சுரண்டுகிற வேலை எனக்கு. ரெண்டு சனிக்கிழமை போச்சு. மொத்தச் செலவு அந்தத் திரை மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

திரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாக்யூம் பம்ப் சொல்லிவிட்டுச் சாவதில்லை. அது நின்றதும் கைரோ மெல்ல மெல்ல வேகம் குறைந்து சாயும். மேகத்துக்குள் இருப்பவன் அந்தப் பொய்யை நம்பி விமானத்தையும் கூடவே சாய்ப்பான். அது உண்மையான ஆபத்து. 2016-க்கு முன்னால் அதற்கு மாற்று வாங்க, சான்றிதழ் செலவு சேர்ந்து சொத்தை எழுதி வைக்கணும். அந்த வருஷம் எஃப்.ஏ.ஏ. கதவைத் திறந்தது. வீட்டில் கட்டும் விமானங்களுக்காக வந்த டைனான் டி10ஏ, அப்புறம் கார்மின் ஜி5 போன்ற சின்னத் திரைகளைப் பழைய செஸ்னாக்களில் போட அனுமதி கிடைத்தது. அடிவான மீட்டர் இருந்த அதே ஓட்டையில் ஒரு ஜி5 உட்காரும். மின்சாரம் போனாலும் உள்ளிருக்கும் பேட்டரி நாலு மணி நேரம் வரை தாங்கும். நாங்கள் போட்டது அந்த ஒண்ணுதான்.

மிச்ச அலங்காரத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி. 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. திரை பேனலோடு வந்த சின்ன விமானங்களையும் அதே வகையில் வட்ட மீட்டரோடு வந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். திரை உள்ளவற்றில் மொத்த விபத்து வீதம் குறைவு, உயிர்ப்பலி விபத்து வீதம் அதிகம். அவை நீண்ட பயணங்களுக்கும் கருவியை நம்பிப் பறக்கும் பயணங்களுக்கும் அதிகம் போனவை என்பதையும் அறிக்கையே சொல்கிறது, அதனால் திரைதான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திரை வாங்கினாலே பாதுகாப்பு கூடிவிடும் என்ற விற்பனைப் பேச்சுக்கு அதில் ஆதாரம் இல்லை. கான்ட்ராக்ட் வேலையில் இதைத்தான் தினமும் பார்க்கிறேன்: டேட்டாபேஸ் இற்றுக் கிடக்கும், கிளையன்ட் புது டாஷ்போர்டு கேட்பார், நாமும் பில் போட்டுவிட்டுக் கட்டிக் கொடுப்போம்.

எங்களை மாதிரி நல்ல வானிலையில் மட்டும் பறக்கிறவர்களுக்கு வெளியே பார்ப்பதுதான் முதல் வேலை. ரெண்டையும் மாற்றக் காசு இருந்தால் ஒரே நேரத்தில் செய்யுங்க, முன்கண்ணாடி கழன்றிருக்கும்போது பேனலின் பின்பக்கம் மேலிருந்து கை எட்டும். காசு ஒண்ணுக்குத்தான் இருந்தால் எதுக்கு என்று இந்நேரம் புரிந்திருக்கும்.

புதுசு மாட்டினவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமோனியா கலந்த வீட்டு கிளீனரை வண்டிப் பக்கமே கொண்டுபோகாதீங்க, பேப்பர் டவலும் வேண்டாம். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுத் தூசியை அலசணும், அப்புறம் மெத்தென்ற பருத்தித் துணியால் மேலும் கீழுமாகத் துடைக்கணும். வட்டமாகத் தேய்த்தால் அந்தக் கீறல்கள் வெயிலில் சூரியனைச் சுற்றி வளையம் போடும்.

இன்னொரு ஜி5 வந்து திசைகாட்டி கைரோவும் போய்விட்டால் வாக்யூம் பம்பையே கழற்றி எறியலாம். அதுக்கு அடுத்த மாசம் பங்காளிகள் ஓட்டுப் போடுகிறோம். பெரிய திரை கேட்ட மூணு பேரில் ரெண்டு பேர் இப்போ என் பக்கம். மூணாமவர் இன்னும் கேட்டலாக்கைக் கீழே வைக்கவில்லை.